மூன்றடித் தொட்டியில் கடல்மீன்: அமைதிக்கு ஒரு கணக்கு

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர் கடையில் கேட்பது இரண்டுதான்: மீன் கலராக இருக்க வேண்டும், சண்டை போடக் கூடாது. குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போனாலும் சென்னை கொளத்தூர் வரை போனாலும் கேள்வி மாறுவதில்லை. கடைக்காரரும் ஒவ்வொன்றாகக் காட்டி, "இது சாது, இது கொஞ்சம் முரடு" என்று பிரித்துச் சொல்லிவிடுவார். அந்தப் பிரிப்பை முழுதாக நம்பி வாங்கக் கூடாது என்பதுதான் நான் கற்ற முதல் பாடம். பவளப்பாறை மீனுக்கு அமைதி என்பது நெற்றியில் எழுதி ஒட்டிய குணமில்லை. எவ்வளவு இடம், எத்தனை பொந்து, யார் முதலில் வந்து குடியேறியது, யாருக்குப் பசி என்ற கணக்கிலிருந்து பிறப்பது அது. அதே மீன் ஒரு தொட்டியில் சாதுவாகவும் இன்னொன்றில் கொலைகாரனாகவும் இருக்கும். ஆகவே மீனைத் தேர்ந்தெடுப்பது என்றால் அதன் நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அது தொட்டியின் எந்த மூலையைத் தனதென்று சொல்லப் போகிறது என்று பார்ப்பது.

நிறத்துக்கும் சண்டைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி புதிதில்லை. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்து 1973-ல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரென்ஸ், சண்டைக் குணத்தைப் பற்றி 1963-ல் எழுதிய நூலைப் பவளப்பாறை மீன்களில் இருந்துதான் தொடங்குகிறார். கண்ணைப் பறிக்கும் நிறமுள்ள மீன்கள் பிற இன மீன்களை ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன, தன் இனத்தைக் கண்டால்தான் பாய்கின்றன என்று கடலிலும் தம் தொட்டிகளிலும் அவர் கவனித்தார். அவர் சொன்ன காரணம் எளிது: அந்த நிறம் ஒரு சுவரொட்டி. "இந்த இடத்துக்கு ஆள் இருக்கிறது" என்று தன் இனத்தாருக்குத் தூரத்திலிருந்தே அறிவிப்பது. தன் இனத்து மீன்தானே தான் தின்னும் அதே இரையைத் தின்னும், தான் ஒளியும் அதே பொந்தைத் தேடும்? நம்மூரில் வரப்புத் தகராறு பக்கத்து வயல்காரரோடுதான் வருமே ஒழிய, கடைத்தெருவில் துணி விற்பவரோடு வருவதில்லை. பாறையிலும் அப்படித்தான்.

இதற்கு மறுப்பும் வந்தது. 1970-களில் பால் எர்லிக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கடலில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். லோரென்ஸ் கணக்கின்படி ஓயாமல் மோத வேண்டிய அவை பெரும்பாலும் ஜோடி ஜோடியாக அமைதியாகவே மேய்ந்தன. எனவே "பளிச்சென்ற மீன் எல்லாம் சண்டைக்கார மீன்" என்று விதி செய்வது தப்பு. ஆனால் அந்த மறுப்பு லோரென்ஸ் சொன்னதில் பாதியை மட்டுமே தள்ளுகிறது. நிறத்தை வைத்துக் குணத்தைச் சொல்ல முடியாது என்பது அதன் முடிவு. இடத்துக்கான போட்டி இல்லை என்பது அதன் முடிவு அல்ல. தொட்டி வைப்பவருக்கு உதவுவதும் இந்த இரண்டாவது பகுதியே. ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே இரை, ஒரே பொந்து என்று இரண்டு மீன்கள் ஒத்துப்போகும் அளவுக்கு அவை மோதும் வாய்ப்பும் கூடுகிறது. ஒத்துப்போகாத மீன்களைச் சேர்த்தால் நிறமும் பலவிதமாகக் கிடைக்கும், அமைதியும் கிடைக்கும். கேட்டது இரண்டும் ஒரே வழியில் வருகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரே மாதிரி நீல மீன் ஆறு வாங்கினால் அழகாக இருக்கும் என்ற நினைப்புதான் முதல் கோணல்.

நிறத்தை நம்ப முடியாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் சான்று இரண்டு சின்ன மீன்கள். ராயல் கிராமா கரீபியக் கடல் மீன். முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். பசிபிக் பக்கத்து ராயல் டாட்டிபேக்கும் முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். இரண்டும் விரல் நீளம்தான். கடையில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிட்டால் புதியவருக்குத் தெரியாது. கிராமா தன் பொந்தின் வாயில் நின்று, யாராவது நெருங்கினால் வாயைப் பிளந்து காட்டும், அத்தோடு சரி. டாட்டிபேக் தொட்டியின் நீளம் முழுக்கத் துரத்தும். தன்னைவிடப் பெரிய மீனின் வாலையும் கிழிக்கும். வேறுபாடு காண வழி உண்டு. கிராமாவில் ஊதாவும் மஞ்சளும் புள்ளி புள்ளியாக ஒன்றில் ஒன்று கரையும், முதுகுத் துடுப்பின் முன்புறம் கரும்புள்ளி ஒன்று இருக்கும். டாட்டிபேக்கில் இரண்டு நிறமும் கத்தியால் வெட்டியதுபோல் நடுவில் பிரியும். பெயரைக் கேட்டு வாங்குவதைவிட இந்தப் புள்ளியைப் பார்த்து வாங்குவது நல்லது.

"கடைத் தொட்டியில் இருபது டாம்செல் மீன் ஒன்றாகத்தானே கிடக்கிறது, அங்கே சண்டையைக் காணோமே?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கடைத் தொட்டியில் பெரும்பாலும் பாறை இருக்காது, பொந்து இருக்காது, வெறும் கண்ணாடி. காக்க இடமே இல்லாதபோது எதைக் காப்பது? கூட்டமும் மிக அதிகம். ஒன்று இன்னொன்றைத் துரத்த ஆரம்பித்தால் நடுவில் பத்து வந்துவிடும். அடியெல்லாம் பலர் மீதும் பரவுவதால் ஒன்றும் சாவதில்லை. அதே மீன் நான்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, அழகாகப் பாறை அடுக்கிய மூன்றடித் தொட்டியில் விட்டால் கதை வேறு. ஒரு வாரத்தில் ஒன்று பாறைக்கு உரிமையாளர் ஆகிவிடும். மற்றவை மேல்மூலையில் துடுப்பு கிழிந்து ஒதுங்கி நிற்கும். கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் பொட்டு வைத்த டாமினோ டாம்செல் இதில் முதல்வன். சிறுவயதில் அதைப்போல் அழகான மீன் அரிது, விலையும் மலிவு, எளிதில் சாகாது. வளர்ந்தால் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர். பொட்டு மங்கும், முரட்டுத்தனம் மங்காது. முதல் மீனாக டாம்செலை விடும் பழக்கம் பரவலாக இருக்கிறது, காரணம் அது புதுத் தண்ணீரின் நஞ்சைத் தாங்கும் என்பது. மீனை விட்டுத் தண்ணீரைச் சோதிப்பது மீனுக்கும் கொடுமை. முதலில் வந்த முரடனுக்குத் தொட்டி முழுவதையும் பட்டா போட்டுக் கொடுத்தது மாதிரியும் ஆகிவிடுகிறது. நான்கு முதல் ஆறு வாரம் மீன் இல்லாமலே ஃபில்டரைப் பழக்கினால் இந்தத் தேவையே இல்லை. பச்சை குரோமிஸ் டாம்செல் குடும்பத்தில் சாது என்று பெயர் வாங்கியது, கூட்டமாக நீந்துவது. சிறு தொட்டியில் அந்தக் கூட்டமும் மாதக்கணக்கில் ஒவ்வொன்றாகக் குறைந்து கடைசியில் ஒன்றிரண்டில் நிற்பதைத் தொட்டி வைத்திருக்கும் பலரும் பார்த்திருக்கிறார்கள்.

கோமாளி மீனை எல்லாருக்கும் தெரியும். 2003-ல் வந்த படத்துக்குப் பிறகு குழந்தைகள் அதற்கு நிமோ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அமைதி என்பது கணக்கு என்று சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாகிறது, அடுத்தது அதன் துணை. மீதி எல்லாம் வரிசையில் காத்திருக்கும். பெண் செத்தால் துணை ஆண் பெண்ணாக மாறும், வரிசை ஒரு படி மேலே நகரும். பீட்டர் பஸ்டன் என்பவர் பாப்புவா நியூகினியில் செய்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது: கீழே உள்ள மீன் தனக்கு மேலே உள்ளதை எட்டிவிடாதபடி தன் வளர்ச்சியையே நிறுத்திவைக்கிறது. எட்டினால் விரட்டப்படும் என்பதால்தான். கடலில் விரட்டப்பட்ட மீனுக்குப் போக்கிடம் அரிது. கண்ணாடித் தொட்டியில் அதுவும் கிடையாது. இதிலிருந்து வாங்கும் முறை தானாக வருகிறது. ஒரே அளவில் மூன்று, நான்கு என்று வாங்கக் கூடாது. இரண்டு வாங்க வேண்டும். ஒன்று பெரியது, ஒன்று சிறியது, இரண்டும் குஞ்சு நிலையிலேயே. ஒசெல்லாரிஸ் இனம் சிறியது, பொறுமையானது. மெரூன் கோமாளியும் தக்காளி கோமாளியும் பார்க்க இன்னும் பளிச்சென்று இருக்கும். மூன்றடித் தொட்டியில் அவை மற்றவற்றை வாழவிடா. கடல்சாமந்தி இல்லாமல் கோமாளி வாழாது என்பதும் தேவையற்ற பயம். கடலில் அது பெரிய மீனிடமிருந்து காக்கும் கோட்டை; தொட்டியில் பெரிய மீன் இல்லை என்றால் கோட்டைக்கு வேலையும் இல்லை. ஒரு மண்சட்டியைச் சாய்த்து வைத்தால் போதும். இனப்பெருக்கப் பண்ணைகளில் அவை முட்டையிடுவதே பெரும்பாலும் மண்சட்டியிலும் ஓட்டிலும்தான். மெருகு பூசாத சட்டிக்குக் குத்தாலத்தில் பஞ்சமா என்ன?

இடத்துக்கு அடுத்தது வயிறு. கடையில் மிக அழகாகத் தெரியும் மீன்களில் பல, நம் தொட்டியில் பட்டினியில் சாகும். மாண்டரின் மீனின் உடம்பில் நீலமும் ஆரஞ்சும் கோலம் போட்டதுபோல் ஓடும். யாரோடும் சண்டைக்குப் போகாது, பரம சாது. அது நாள் முழுக்கப் பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிரிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும். புதிய தொட்டியில் அந்த உயிரிகளே இருக்காது. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே தின்று வாழ்பவை. இவற்றை வாங்குவது அமைதியை வாங்குவதாகத் தோன்றும்; உண்மையில் மெதுவான சாவை வாங்குவது. எதிர்ப்பக்கத்தில், வாய் பெரிய மீன். லயன் ஃபிஷ் யாரையும் துரத்தாது, அசையாமல் மிதக்கும். வாய்க்குள் அடங்குகிற மீன் மட்டும் ஒவ்வொரு நாளாகக் காணாமல் போகும். முதுகு முள்ளில் நஞ்சும் உண்டு. கை விட்டுத் தொட்டி கழுவும் வீட்டில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், அது வேண்டாம். மூன்றாவது, உடம்பின் முழு வளர்ச்சி. எம்பரர் ஏஞ்சல் குஞ்சாக இருக்கும்போது கருநீலத்தில் வெள்ளை வளையம் வளையமாக இருக்கும். வளர்ந்தால் மஞ்சள் வரி, 40 சென்டிமீட்டர். தொட்டியின் அகலமே ஒன்றரை அடி. திரும்பக்கூட இடமிருக்காது. "டோரி வேண்டும் என்று பிள்ளை அழுகிறது" என்பதே நான் அதிகம் எதிர்கொள்ளும் ஆட்சேபம். டோரி என்கிற நீல டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், நாளெல்லாம் நீளமாக நீந்தும். நம் இந்துமாக்கடலின் பவுடர் ப்ளூ டாங் அதைவிட அழகு, அதைவிடச் சண்டைக்காரன், வெண்புள்ளி நோய்க்கும் முதல் பலி. பிள்ளைக்கு வேண்டியது நீல நிறம் என்றால் அதை வேறு வழியில் தரலாம். டாம்செல்களில் கொஞ்சம் அடக்கமானது மஞ்சள் வால் நீல டாம்செல். ஒன்றே ஒன்று, கடைசியாக விட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

இதுவரை சொன்னது சென்னைக்கும் பொருந்தும், சிங்கப்பூருக்கும் பொருந்தும். குத்தாலத்துக்கு மட்டும் பொருந்துகிற சில கணக்குகள் உண்டு. இது காவிரி ஆற்றங்கரை ஊர். கடல் தரங்கம்பாடிப் பக்கம் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். குடத்தில் தண்ணீர் எடுத்து வந்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் டெல்டாக் கரையை ஒட்டிப் பவளப்பாறையே கிடையாது. ஆறு கொண்டுவரும் வண்டலும் நன்னீரும் கலங்கலும் பவளத்துக்கு ஆகாது. பவளம் இருப்பது பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொள்ளிடமும் மற்ற வாய்க்கால்களும் கடலில் கொட்டும்போது கரையோர நீரின் உப்பு இன்னும் இறங்கிவிடும். எனவே உப்பு வாங்கிக் கலப்பதே நம்பகமானது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி சுமார் 190 லிட்டர். மணலும் பாறையும் போக 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஐந்தேகால் கிலோ உப்பு. இரு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு மாற்றினால் ஒவ்வொரு முறையும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே தங்கும். அதனால் குறைந்த அளவை உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறும்.

வெயிலும் மின்சாரமும் சண்டையோடு நேரடித் தொடர்புள்ளவை. இதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. கடல்நீர் 25 டிகிரியில் ஒரு லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். அதே வெப்பத்தில் நன்னீர் எட்டுக்கு மேல் பிடிக்கும். 32 டிகிரிக்கு ஏறினால் கடல்நீரில் அது 6 மில்லிகிராமாக இறங்குகிறது. சூடு ஏற ஏற மீனின் மூச்சுத் தேவையோ கூடும். கத்திரி வெயிலில் ஓட்டு வீட்டுக் கூடத்தில் வைத்த தொட்டி அந்தச் சூட்டை எளிதாகத் தொடும். அப்போது மூச்சுக்கு ஏற்ற இடம் என்று தொட்டியில் மிஞ்சுவது நீர் விழுந்து கலங்கும் மேல்தளம் மட்டும். எல்லா மீனும் அங்கே வந்து குவியும், அதுவரை வேறு வேறு மூலையில் இருந்தவை முட்டிக்கொள்ளும். சாது மீன் வாங்கியும் கோடையில் சண்டை ஆரம்பித்தது என்றால் மீனைக் குறை சொல்வதற்கு முன் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பரப்பில் படும்படி சிறு மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். நம்மூர்க் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மீன் எண்ணிக்கையைக் குறைப்பதே சில்லர். மின்சாரம் போனால் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எல்லா மீனையும்விட முதலில் வாங்க வேண்டிய பொருள்.

பவளம் இல்லாமல் அது என்ன பவளப்பாறைத் தொட்டி என்ற ஆட்சேபத்துக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-லேயே பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் சேர்க்கப்பட்டுவிட்டன. கடல் விசிறியும் கடல் குதிரையும் கடல் அட்டையும்கூட. 2022-ல் அட்டவணைகளை மாற்றி அமைத்தபோதும் பவளத்துக்கு உள்ள காப்பு போகவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. இந்தியக் கடலில் உடைத்த பவளமும் சரி, அதன் காய்ந்த எலும்புக்கூடான பாறையும் சரி, வாங்குவது குற்றம். வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னாலும் ஆவணம் இல்லாமல் தொடக் கூடாது. சிமென்டும் மணலும் சேர்த்து வார்த்த செயற்கைப் பாறை, சுட்ட மண் துண்டுகள் இவையே போதும். சிமென்ட் பாறையைப் பல வாரம் தண்ணீரில் ஊறவைத்துச் சுண்ணக் காரம் இறங்கிய பிறகே தொட்டியில் வைக்க வேண்டும். இதைக் குறை என்று நான் நினைக்கவில்லை. பாறையை நாமே வார்ப்பதால் பொந்துகளையும் நாமே எண்ணி வைக்கலாம்: மீனுக்கு ஒன்று, உபரியாக இரண்டு. பவளத்தைக் காப்பாற்றத் தேவைப்படும் கடும் விளக்கும் வேண்டாம், அந்த விளக்கின் சூடும் வேண்டாம்.

மீன் எங்கே பிறந்தது என்பதையும் கேட்டு வாங்க வேண்டும். நன்னீர்க் கலர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் கலர் மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பாறையிலிருந்து பிடிக்கப்பட்டவை. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கிறார்கள். அப்படி வந்த மீன் கடையில் நன்றாக நீந்தி, வீட்டில் சில வாரத்தில் சாகும். நமக்கு ஒரு வசதி, இந்தியாவில் கடல் கலர் மீன்களைப் பண்ணையில் பெருக்கும் வேலையைத் தொடங்கிய இடங்களில் ஒன்று சிதம்பரத்துக்கு அப்பால் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தில் ஒசெல்லாரிஸ் கோமாளி மீனை வெள்ளாற்றுக் கழிமுகத் தண்ணீரிலேயே வளர்த்து, முட்டையிடச் செய்து, குஞ்சும் எடுத்தார்கள். 2009-ல் அந்த ஆய்வு வெளியானது. கடலை விட உப்புக் குறைந்த நீரிலும் அது நடந்தது என்பது டெல்டாக்காரருக்கு முக்கியமான செய்தி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் பல கோமாளி, டாம்செல் இனங்களைப் பெருக்கிக் காட்டியிருக்கிறது. கடல்மீன் ஆய்வுக்கு நம் கரையில் பழைய வரலாறே உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியிலிருந்த கிறிஸ்தோஃப் ஜான் என்ற பாதிரியார் மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த பிளாக் என்ற மீனியல் அறிஞருக்கு அனுப்பினார். சந்தையில் நாம் வாங்கும் கத்தாளை மீன் பேரினம் ஒன்றின் அறிவியல் பெயர் ஜோனியஸ், அந்த ஜானின் நினைவாக வைத்தது. பிளாக் இறந்தபின் 1801-ல் வெளியான நூலில்தான் கோமாளி மீன்களுக்கு ஆம்ஃபிப்ரையான் என்ற பேரினப் பெயரும் வந்தது.

பண்ணை மீன் விலை கூட, வகை குறைவு, நிறம் மங்கல் என்பார்கள். விலை கூடத்தான். ஆனால் கடலில் பிடித்த மீன் இரண்டு செத்து மூன்றாவது பிழைத்தால் அந்த விலைக்கு வந்துவிடும். வகை குறைவு என்பது உண்மை. மூன்றடித் தொட்டிக்குத் தேவையான வகையும் குறைவுதான். நிறம் பெரும்பாலும் தீனியைப் பொறுத்தது. நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: பண்ணையில் பிறந்த கோமாளியும் பருவம் வந்தால் மூலையைக் காக்கும், கையைக் கூடக் கடிக்கும். பண்ணை மீன் இடச்சண்டையை ஒழிக்காது. பசிச்சண்டையை ஒழிக்கும், குஞ்சிலிருந்தே குருணைத் தீனிக்குப் பழகியதால் முதல் நாளே தின்னும், மற்றதை விரட்டித் தின்ன வேண்டிய பதற்றம் இருக்காது. அவ்வளவுதான், ஆனால் அது பெரிது.

காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு உப்புத் தண்ணீர் கலப்பானேன், கப்பியும் ஏஞ்சலும் போதாதா என்று கேட்பவருக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. செலவு, உழைப்பு, மின்சாரம் மூன்றையும் பார்த்தால் நன்னீர்த் தொட்டியே அறிவான முடிவு. பாதிப் பேருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். கடல்மீன்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கே இந்தக் கணக்கு. அவர் எண்ணிக்கையில் கஞ்சனாக இருக்க வேண்டும். மூன்றடித் தொட்டிக்கு ஆறு மீன் என்பது என் வரம்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு தளம்: மணலில் மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று, பாறைக்கு மேல் நீரோட்டத்தைப் பார்த்து மிதக்கும் சிவப்பு வால் ஃபயர் ஃபிஷ் ஒன்று, பொந்தின் கூரையில் தலைகீழாக ஒட்டி நீந்தும் ராயல் கிராமா ஒன்று, பாறை நிழலில் அசையாமல் நிற்கும் கறுப்பு வெள்ளைப் பங்காய் கார்டினல் ஒன்று, ஒரு ஓரத்தில் கோமாளி ஜோடி. மஞ்சள், சிவப்பு, ஊதா, கறுப்பு, வெள்ளை, ஆரஞ்சு எல்லாம் வந்துவிட்டன. ஒன்றின் இடம் இன்னொன்றுக்குத் தேவையில்லை. பங்காய் கார்டினல் இந்தோனேசியாவின் சிறு தீவுக் கூட்டத்தில் மட்டும் இயல்பாக வாழ்வது, வணிகத்துக்காக அதிகம் பிடிக்கப்பட்டு 2007-ல் அழியும் நிலைப் பட்டியலில் சேர்ந்தது. ஆண் மீன் முட்டையை வாயில் வைத்து அடைகாப்பதால் பண்ணையில் எளிதாகப் பெருகும். ஆகவே பண்ணைக் குஞ்சு கிடைத்தால் மட்டும் அது. இல்லையேல் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

ஆறு மீன் போட்டால் தொட்டி காலியாகத் தெரியும் என்பார்கள். முதல் மாதம் தெரியும். பயந்த மீன் ஒளிந்திருப்பதால். துரத்த ஆள் இல்லை என்று புரிந்த பிறகு ஆறும் வெளியே வரும். இருபது மீன் உள்ள தொட்டியில் வெளியே தெரிவது பலசாலி நான்குதான், மீதி பாறைக்குப் பின்னால். விடும் வரிசையில் அவசரம் கூடாது. ஒவ்வொரு மீனையும் நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்து நோய் இல்லை என்று பார்த்த பிறகு, சாதுவிலிருந்து முரடு என்ற வரிசையில் விட வேண்டும்: முதலில் கோபியும் ஃபயர் ஃபிஷும், பிறகு கார்டினல், அடுத்து கிராமா. ஃபயர் ஃபிஷ் பயந்தால் வெளியே துள்ளும், தொட்டிக்கு மேல் வலை மூடி கட்டாயம். கோமாளி ஜோடி கடைசி. அதை விடுகிற நாளில் பாறையின் ஒரு பக்கத்தைக் கலைத்து மாற்றி அடுக்கிவிட்டு, முன்னால் வந்தவற்றுக்கு வயிறு நிறையத் தீனி போட்டு, விளக்கை அணைத்தபின் விட்டால், மறுநாள் காலை எல்லா மீனும் புது இடத்தில் புதுப் பொந்து தேடிக்கொண்டிருக்கும்; பழைய உரிமை எதற்கும் இருக்காது. முதல் இரண்டு நாள் துடுப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரம் லேசாகக் கிழிந்திருந்தால் பொறுக்கலாம். ஒரு மீன் தீனிக்கு வராமல் மேல்மூலையிலேயே நின்றால் பொறுக்கக் கூடாது. துரத்தும் மீனைப் பிடித்து ஒரு வாரம் தனியே வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், இந்த முறை அதுதான் புதிதாகக் குடிவந்த மீன்.